வூகாமர்ஸ் கடைய இஷ்டத்துக்கு மாத்தலாம், அப்டேட் வந்தாலும் உடையாம: முழு வழிகாட்டி

மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்டுல எங்க அக்கா முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை, இட்லிப் பொடின்னு வீட்டுலயே செஞ்சு விக்குறாங்க. பிகேபி (கோவிட் ஊரடங்கு) நேரத்துல பசார் மாலாம்னு சொல்ற ராத்திரிச் சந்தை எல்லாம் மூடிட்டாங்க, வாடிக்கையாளருங்க வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்டு அக்காவுக்கு தலையே சுத்துது, அதனால நான்தான் வெப்சைட் கட்டுற வேர்ட்பிரஸ் போட்டு, அது மேல கடை நடத்துற ப்ளக்இன் (கூடுதல் வசதி சேக்குற துணை சாஃப்ட்வேர்) வூகாமர்ஸ் போட்டு ஒரு ஆன்லைன் கடை கட்டிக் குடுத்தேன். எல்லாம் ஓப்பன் சோர்ஸ், லைசென்ஸ் காசு இல்ல, ஹோஸ்டிங்குக்கு மட்டும் வருஷத்துக்கு கொஞ்சம் வெள்ளி (ரிங்கிட்).

தீபகற்ப மலேசியாவுக்கு தபால் எட்டு வெள்ளி, கடல் தாண்டி இருக்குற சபா சரவாக்குக்கு பதினெட்டு. இத எப்படி போடுறதுன்னு தெரியாம நான் என்ன பண்ணேன், வூகாமர்ஸ் ஃபோல்டருக்குள்ளயே போயி ஷிப்பிங் கணக்கு போடுற ஃபைல திறந்து நாலு வரி எழுதிட்டேன். வேலையும் செஞ்சுச்சு, ரொம்ப பெருமை வேற. 2021 ஜூலைல வூகாமர்ஸ்ல ஒரு பெரிய செக்யூரிட்டி ஓட்டை கண்டுபிடிச்சாங்க, 3.3ல இருந்து 5.5 வரைக்கும் இருந்த எல்லா வெர்ஷனுக்கும் பேட்ச் விட்டு, நிறைய கடைங்களுக்கு தானாவே போயி சேர்ற மாதிரி தள்ளுனாங்க. அது அவங்க செஞ்ச நல்ல காரியம், அதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா என் நாலு வரி காத்துல போச்சு. எர்ரர் வரல, சைட் விழல, எல்லாம் ஜம்முன்னு ஓடுது. மூணு நாள் கழிச்சு அக்கா பார்சல் அனுப்புற கவுண்டர்ல நின்னுக்கிட்டு போன் பண்றாங்க: "தம்பி, சபால இருக்குற கோத்தா கினபாலுவுக்கு எட்டு வெள்ளின்னு போட்டிருக்கேடா, இங்க பதினெட்டு கேக்குறாங்க?" மொத்தம் 23 பார்சல். 230 வெள்ளி என் பாக்கெட்ல இருந்து போச்சு.

அதவிட வெக்கம் என்னன்னா, அந்த வேலைக்கு கோடே தேவையில்ல. செட்டிங்ஸ்லயே இருக்கு. அதுக்கு வரேன்.

ஏன் அழியுது

அப்டேட் பண்ணும்போது வேர்ட்பிரஸ் பழைய ப்ளக்இன் ஃபோல்டர முழுசா தூக்கிப் போட்டுட்டு புதுச வைக்கும். பழசுல எந்த வரி உங்களோடது எந்த வரி அவங்களோடதுன்னு அது பாக்காது. கடையோட தோற்றத்த முடிவு பண்ற தீமும் அப்படித்தான். அப்டேட் கை வைக்காத இடம்னு பாத்தா நாலுதான்: டேட்டாபேஸ்ல இருக்குற செட்டிங்ஸ், நீங்க அப்லோட் பண்ண படங்க, உங்க சொந்த சைல்டு தீம், உங்க சொந்த குட்டி ப்ளக்இன். உங்க மாற்றம் எல்லாம் இந்த நாலுல ஒன்னுலதான் இருக்கணும்.

எங்க அப்பா தோட்டத்துல பால்மரம் வெட்டுனவரு. கித்தா (ரப்பர்) மரத்துல பட்டைய மட்டும் மெலிசா சீவணும், கத்தி உள்ள போயி மரத்தத் தொட்டுடுச்சுன்னா காயம். அன்னைக்கு பால் நல்லாத்தான் வரும், ஆனா அந்த இடத்துல புதுப் பட்டை முண்டும் முடிச்சுமா வளந்து அடுத்த சுத்துல வெட்டவே முடியாது. நான் பண்ணது அதேதான், அன்னைக்கு பால் வந்துச்சு.

முதல் வேலை: கோட் எழுதாம முடியுமான்னு பாருங்க

பேப்பர எடுத்து கடைக்கு என்னென்ன மாத்தணும்னு எழுதுங்க. ஒவ்வொன்னுக்கும் நேரா, செட்டிங்ஸ்லயே முடியுமா, சிஎஸ்எஸ் (தோற்றத்த மாத்துற வரிங்க) போதுமா, ஹூக் வேணுமா, டெம்ப்ளேட்ட (பக்கத்தோட அமைப்பு ஃபைல) மாத்தணுமான்னு குறிங்க, ஹூக்னா என்னன்னு கீழ சொல்றேன். இதே வரிசைதான், மேல இருக்குறது பாதுகாப்பு, கீழ போகப் போக ஒவ்வொரு அப்டேட்டுக்கும் உங்களுக்கு வேலை.

ஷிப்பிங் கதைக்கு வருவோம். வூகாமர்ஸ்ல ஷிப்பிங் ஸோன்னு ஒன்னு இருக்கு, எந்த ஏரியாவுக்கு எவ்ளோ தபால் காசுன்னு பிரிச்சு வைக்கிறது. நம்ம நாட்டு மாநிலமெல்லாம் அதுல ஏற்கனவே இருக்கு. சபா, சரவாக், லாபுவான் மூணையும் ஒரு ஸோன்ல போட்டு பதினெட்டுன்னு வைங்க, மிச்ச மாநிலங்கள இன்னொரு ஸோன்ல போட்டு எட்டுன்னு வைங்க, முடிஞ்சுது. போஸ்ட்கோட் வெச்சும் பிரிக்கலாம், எங்க ஊரு 31100க்கு தனி ஸோன் போட்டு ஃப்ரீ டெலிவரி வெச்சிருக்கேன், அக்கா வீட்டுக்காரர் மோட்டார்லயே கொண்டு போயி குடுத்துருவாரு. ஒன்னு மட்டும் ஞாபகம் வைங்க, ஸோன் லிஸ்ட்ட மேல இருந்து கீழ பாத்து முதல்ல பொருந்துறத எடுத்துக்கும். அதனால சின்ன ஏரியா மேல, பெரிய ஏரியா கீழ. நான் முதல்ல பேராக் இருக்குற ஸோன மேல வெச்சிட்டேன், பக்கத்து தாமான் (குடியிருப்பு) ஆளுங்களுக்கும் எட்டு வெள்ளி போட்டுடுச்சு, அந்த திட்டு தனி.

பேமெண்டும் இதே கதை. எஃப்பிஎக்ஸ் (பேங்க்ல இருந்து ஆன்லைன்ல கட்டுறது), டியூட்நவ், கார்டு எல்லாத்துக்கும் பில்பிளிஸ், தொய்யிப்பே மாதிரி பணம் வாங்கித் தர்ற கேட்வேகாரங்களோட ப்ளக்இன் இருக்கு, அத போடுங்க. சொந்தமா பேமெண்ட் கோட் எழுதுற வீரம் வேண்டாம்.

சைல்டு தீமும் குட்டி ப்ளக்இனும்

சைல்டு தீம்னா அசல் தீமத் தொடாம அது மேல போடுற உங்க சொந்த தீம், ரொம்ப சிம்பிள். புது ஃபோல்டர், அதுக்குள்ள ஸ்டைல் டாட் சிஎஸ்எஸ், அதோட தலைப்புல அப்பா தீமோட ஃபோல்டர் பேர 'டெம்ப்ளேட்'ங்கிற வரில போடணும், வேணும்னா ஒரு ஃபங்ஷன்ஸ் டாட் பிஎச்பி. கலர், எழுத்து சைஸ், பட்டன் வடிவம்னு கண்ணுக்குத் தெரியிற சமாச்சாரம் மட்டும் இங்க.

கடையோட லாஜிக்க இங்க போடாதீங்க. நிறைய டுட்டோரியல் எத எடுத்தாலும் ஃபங்ஷன்ஸ் டாட் பிஎச்பில ஒட்டுன்னு சொல்லும். சரி ஒட்டுனீங்க, அடுத்த வருஷம் அக்காவுக்கு வேற தீம் பிடிச்சிருச்சு, மாத்துனீங்க, விலை கணக்கு, செக்அவுட் (பணம் கட்டுற பக்கம்) ஃபீல்டு எல்லாம் தீமோட சேந்து போயிடும். அதுக்குத்தான் குட்டி ப்ளக்இன். ப்ளக்இன்ஸ் ஃபோல்டர்ல ஒரு ஃபோல்டர், உள்ள ஒரு பிஎச்பி ஃபைல், மேல கமெண்ட்ல 'ப்ளக்இன் நேம்'னு ஒரு வரி, அவ்ளோதான், அட்மின்ல தெரிஞ்சிடும். ஃபோல்டருக்கு உங்க கடைப் பேர் மாதிரி வேற யாரும் வைக்காத பேரா வைங்க, இல்லன்னா அதே பேர்ல வேற யாரோ போட்ட ப்ளக்இனோட அப்டேட் உங்களோடதுன்னு நினைச்சு வந்து உக்காந்துரும். உள்ள எழுதுற ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் முன்னாடி 'அக்காகடை'ன்னு ஒரு ஒட்டு போட்டுக்கிறேன், அங்கயும் பேர் மோதக் கூடாது.

அட்மின்ல யாராச்சும் தெரியாத்தனமா டிஆக்டிவேட் பண்ணிருவாங்கன்னு பயமா இருந்தா எம்யூ-ப்ளக்இன்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, அதுல போட்டா தானாவே ஓடும், ஆஃப் பண்ற பட்டனே கிடையாது. ஆனா அந்த ஃபோல்டர்ல நேரா இருக்குற ஃபைலத்தான் எடுக்கும், உள்ள இன்னொரு ஃபோல்டர் போட்டா கண்டுக்காது. நான் இதுல அரை நாள் முழிச்சேன்.

ஹூக்: இங்கதான் நேரம் செலவு பண்ணணும்

வூகாமர்ஸ் ஓடும்போது வழி நெடுக நின்னு நின்னு "இந்த இடத்துல யாருக்காச்சும் ஏதாச்சும் செய்யணுமா"ன்னு கேட்டுக்கிட்டே போகும். அந்த இடந்தான் ஹூக். ரெண்டு வகை. ஆக்‌ஷன்னா அந்த எடத்துல நீங்க ஒரு வேலை செய்யலாம், ஒரு வரி காட்டலாம், மெசேஜ் அனுப்பலாம். ஃபில்டர்னா அது ஒரு சாமான உங்க கையில குடுக்கும், நீங்க மாத்தி திருப்பிக் குடுக்கணும். திருப்பிக் குடுக்க மறந்தா அந்த இடம் காலி. புதுசா எழுதுறவங்க செய்ற தப்புல பாதி இதுதான்.

உதாரணத்துக்கு, சாமான் பக்கத்துல கீழ 'ரிலேட்டட் ப்ராடக்ட்ஸ்'னு வரும், முறுக்கு பாக்குறவங்களுக்கு பொடி காட்டும், அக்காவுக்கு அது வேண்டாம். அந்தப் பக்கத்தோட ஃபைல திறந்து வரிய அழிக்க வேண்டியதில்ல, குட்டி ப்ளக்இன்ல இருந்து ரிமூவ் ஆக்‌ஷன் போட்டா போதும். ஆனா வூகாமர்ஸ் அத எந்த ப்ரையாரிட்டில மாட்டியிருக்கோ அதே நம்பர்ல கழட்டணும். ரிலேட்டட் ப்ராடக்ட்ஸ்க்கு 20. நம்பர் போடலன்னா 10ன்னு எடுத்துக்கிட்டு ஒன்னும் நடக்காது, எர்ரரும் வராது. இன்னொன்னு, உங்க ஃபைல் ஓடுற நேரத்துல வூகாமர்ஸ் அத இன்னும் மாட்டியே இருக்காது, அதனால கழட்டுற வேலைய 'இனிட்' மாதிரி பிந்தி வர ஹூக்குக்குள்ள வைங்க.

இப்ப செக்அவுட். இங்க ஒரு பள்ளம் இருக்கு. 2023 நவம்பர்ல வந்த 8.3ல இருந்து புதுசா போடுற கடைக்கெல்லாம் செக்அவுட் பக்கம் ப்ளாக்ல (எடிட்டர்ல துண்டு துண்டா அடுக்குற புது முறை) வருது. பழைய கடைங்க ஷார்ட்கோட்லயே (சதுர அடைப்புக்குறிக்குள்ள ஒரு சொல் எழுதுற பழைய முறை) ஓடும். பக்கத்த எடிட்டர்ல திறந்து பாத்தா எதுன்னு தெரியும். நெட்ல கிடைக்கிற முக்கால்வாசி டுட்டோரியல் 'வூகாமர்ஸ் செக்அவுட் ஃபீல்ட்ஸ்'ங்கிற ஃபில்டர சொல்லும், அது ஷார்ட்கோட்டுக்குத்தான். ப்ளாக்ல அத போட்டுட்டு ஃபீல்டு வரல வரலன்னு உக்காந்திருக்காதீங்க. ப்ளாக்குக்குன்னே 'அடிஷனல் செக்அவுட் ஃபீல்ட்ஸ்'னு தனி வழி வெச்சிருக்காங்க. ஃபீல்டுக்கு ஒரு ஐடி, கடைப் பேரு, ஒரு சாய்வுக் கோடு, ஃபீல்டு பேருன்னு, ஒரு லேபிள், எந்த இடத்துல வரணும், டெக்ஸ்ட்டா செலக்ட்டா செக்பாக்ஸான்னு சொல்லி ரெஜிஸ்டர் பண்ணா, காட்டுறது, சேவ் பண்றது ரெண்டையும் அதுவே பாத்துக்கும். அக்கா தீபாவளிக்கு 'எந்த நாள் வேணும்'னு கேக்கச் சொன்னாங்க, ஷார்ட்கோட்ல இருந்து ப்ளாக்குக்கு மாறுன அப்புறம் அத செலக்ட்டா போட்டு அஞ்சு நாள் குடுத்தேன்.

ஆர்டர்ல எதையாவது எழுதி வைக்கணும்னா டேட்டாபேஸ்ல நேரா கை வைக்காதீங்க. முந்தி ஆர்டர் எல்லாம் வேர்ட்பிரஸ் போஸ்ட் மாதிரியே சேவ் ஆகும், அதனால எல்லாரும் 'அப்டேட் போஸ்ட் மெட்டா'ன்னு எழுதுனோம். 2023 அக்டோபர்ல 8.2 வந்தப்ப புதுக் கடைங்களுக்கு ஆர்டருக்குன்னு தனி டேபிள், எச்பிஓஎஸ்னு சொல்றாங்க, அதுவே டிஃபால்ட் ஆயிடுச்சு. நான் செட்டிங்ஸ்ல போயி அத ஆன் பண்ணேன், பழைய கோட் வேற இடத்துல எழுதிக்கிட்டு இருந்துச்சு, பேக்கிங் லிஸ்ட்ல நாள் எல்லாம் காலி. 'டபிள்யூசி கெட் ஆர்டர்'னு ஆர்டர எடுத்து, அது கிட்டயே 'அப்டேட் மெட்டா டேட்டா' சொல்லி 'சேவ்' பண்ணுங்க. அது எந்த டேபிள்ல வைக்குதுங்கிறது அதோட பிரச்சனை. சொந்த ப்ளக்இன் எச்பிஓஎஸ்ஸுக்கு ஒத்து வரும்னு ஒரு அறிவிப்பும் போட்டுருங்க, இல்லன்னா அட்மின் புலம்பும்.

அப்புறம், உங்க கோட் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி வூகாமர்ஸ் இருக்கான்னு ஒரு கேள்வி கேட்டுக்குங்க. அப்டேட் பாதில நின்னு வூகாமர்ஸ் ஆஃப் ஆயிடுச்சுன்னா, அது இல்லாம உங்க கோட் அதக் கூப்பிட்டு மொத்த சைட்டும் வெள்ளைப் பக்கமா போயிடும்.

டெம்ப்ளேட் காப்பி: கடைசி வழி

வூகாமர்ஸோட டெம்ப்ளேட் ஃபைல காப்பி எடுத்து சைல்டு தீம்ல 'வூகாமர்ஸ்'ங்கிற ஃபோல்டருக்குள்ள வெச்சா அது உங்க காப்பியத்தான் காட்டும். அப்டேட்ல அழியாது. அதனாலதான் இத பாதுகாப்புன்னு நினைக்கிறாங்க, எனக்கு இதுலதான் ரொம்ப பயம். கோர் ஃபைல (அவங்க குடுத்த அசல் ஃபைல) மாத்துனா அப்டேட் உங்க வேலைய அழிக்கும், டெம்ப்ளேட்ட காப்பி அடிச்சா அப்டேட்டோட வேலைய நீங்க அழிக்கிறீங்க. அவங்க அந்த டெம்ப்ளேட்ல ஒரு புது ஹூக் வெச்சிருப்பாங்க, ஒரு செக்யூரிட்டி ஓட்டைய அடைச்சிருப்பாங்க, உங்க கடைல மட்டும் பழைய காப்பி ஓடிக்கிட்டே இருக்கும்.

வூகாமர்ஸ் அட்மின்ல 'ஸ்டேட்டஸ்' பக்கத்துக்கு போயி கீழ டெம்ப்ளேட்ஸ்னு இருக்குற இடத்த பாருங்க, நீங்க காப்பி எடுத்தது எதெல்லாம் பழசாயிடுச்சுன்னு வெர்ஷனோட போட்டிருக்கும். அப்டி வந்தா புது டெம்ப்ளேட்ட திரும்ப காப்பி எடுத்து அதுல உங்க மாற்றத்த மறுபடி போடணும். சில பேரு ஃபைலோட மேல இருக்குற வெர்ஷன் நம்பர மட்டும் மாத்தி வார்னிங்க மறைச்சிருவாங்க. காய்ச்சல்னா தெர்மாமீட்டர உடைக்கிற வேலை அது.

பாதி நேரம் காப்பியே தேவைப்படாது. ஆர்டர் ஈமெயில்ல 'எண்ணெய் பலகாரம், பதினஞ்சு நாளுக்குள்ள சாப்டுருங்க'ன்னு ஒரு வரி போட அந்த ஈமெயில் டெம்ப்ளேட்ட முழுசா காப்பி அடிச்சு வெச்சிருந்தேன். அப்புறம் பாத்தா சாமான் லிஸ்ட்டுக்கு முன்னாடி 'ஈமெயில் பிஃபோர் ஆர்டர் டேபிள்'னு ஒரு ஹூக் சும்மா நிக்குது. காப்பிய தூக்கிட்டு ஹூக்ல போட்டுட்டேன். எந்த டெம்ப்ளேட்டா இருந்தாலும் முதல்ல திறந்து 'டூ ஆக்‌ஷன்'னு தேடுங்க.

எழுத்த மட்டும் மாத்தணும்னாலும் டெம்ப்ளேட் வேண்டாம். லோக்கோ ட்ரான்ஸ்லேட்ங்கிற மொழிபெயர்ப்பு ப்ளக்இன் போட்டு 'ஆட் டு கார்ட்'ட 'கூடையில போடு'ன்னு மாத்திக்கலாம், ஆனா சேவ் பண்ணும்போது இடம் கேக்கும், 'கஸ்டம்'ங்கிறத எடுங்க, சிஸ்டம் ஃபோல்டர்ல வெச்சா மொழி அப்டேட் வந்து அது மேலயே எழுதிட்டு போயிடும்.

வேற சாஃப்ட்வேர் வெச்சிருக்கவங்களுக்கு

பேர் மாறும், விஷயம் இதேதான். கீழ வர்றதெல்லாம் ஆன்லைன் கடை சாஃப்ட்வேர்தான். 2000ல வந்த ஓஎஸ்காமர்ஸ்ல ஒரு ஆட்-ஆன் போடணும்னா "இந்த வரிய தேடு, அதுக்குக் கீழ இத ஒட்டு"ன்னுதான் குறிப்பே வரும், பத்து ஆட்-ஆன் போட்ட கடைய அப்டேட் பண்றது யாராலயும் முடியாத காரியம். அதுல இருந்து 2003ல பிரிஞ்ச ஸென் கார்ட்ல டெம்ப்ளேட் ஓவர்ரைடு ஃபோல்டரும் (உங்க காப்பிய வைக்கிற இடம்) அப்சர்வரும் (ஹூக் மாதிரி) இருக்கு, அதுல எழுதுங்க. ஓப்பன்கார்ட்ல ஓசிமாட் கோர் ஃபைல தொடாம ஓடும்போது வரிய மாத்தும், ஆனா அது தேடுற வரி புது வெர்ஷன்ல மாறிடுச்சுன்னா அந்த மாற்றம் ஒட்டாது, அதனால முடிஞ்ச வரைக்கும் ஈவென்ட், அங்க ஹூக் மாதிரி அதுதான். ப்ரெஸ்டாஷாப்ல ஓவர்ரைடவிட ஹூக் நல்லது, ஏன்னா ரெண்டு மாட்யூல் ஒரே மெத்தட ஓவர்ரைடு பண்ணா சண்டை. மெஜெண்டோ 2ல ப்ளக்இன்னே வேற அர்த்தம், ஒரு ஃபங்ஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் நுழையிறது, அதுதான் அங்க ஹூக்.

ஏற்கனவே கோர்ல கை வெச்சிட்டீங்களா

பயப்படாதீங்க, அப்டேட்ட மட்டும் அமுக்காதீங்க. தோட்டத்துல மரத்துக்கு மரம் போயி காயம் பாக்குற கங்காணி மாதிரி ஒன்னு இருக்கு, டபிள்யூபி-சிஎல்ஐ, வேர்ட்பிரஸ்ஸ கட்டளை அடிச்சு இயக்குற கருவி. ஹோஸ்டிங்ல டெர்மினல் இருந்தா 'டபிள்யூபி ப்ளக்இன் வெரிஃபை-செக்சம்ஸ் வூகாமர்ஸ்'னு அடிங்க, ஒரிஜினலோட ஒத்துப் பாத்து எந்த ஃபைல் மாறியிருக்குன்னு சொல்லிடும். வேர்ட்பிரஸ்ஸுக்கு 'டபிள்யூபி கோர் வெரிஃபை-செக்சம்ஸ்'.

அடுத்து, நீங்க இப்ப ஓட்டுற அதே வெர்ஷனோட ஒரிஜினல் ஸிப்ப வேர்ட்பிரஸ் சைட்ல இருந்து எடுங்க. புதுச இல்ல, அதே நம்பர், இல்லன்னா அவங்க மாத்துனதும் நீங்க மாத்துனதும் கலந்து ஒன்னும் புரியாது. ரெண்டு ஃபோல்டரையும் வித்தியாசம் காட்டுற வின்மெர்ஜ் இல்ல மெல்ட்ல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் இது எதுக்கு, இப்பவும் வேணுமா, செட்டிங்ஸா ஹூக்கான்னு முடிவு பண்ணி வெளிய நகத்துங்க. கடைசில ஒரிஜினல் ஃபைலயே திருப்பிப் போட்டுட்டு எல்லாம் ஓடுதான்னு பாருங்க. அதுக்கப்புறந்தான் அப்டேட். எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா போச்சு, அதுல மூணு மாற்றம் நானே எதுக்கு எழுதுனேன்னு எனக்கே தெரியல.

அப்டேட் பண்ற நாள்

தீபாவளிக்கு ஒரு மாசம் முன்னாடி இருந்து செக்யூரிட்டி பேட்ச் தவிர எதையும் தொடுறதில்ல. மத்த நாள்ல செவ்வாய், புதன் ராத்திரி, அப்ப ஆர்டர் கம்மி.

முதல்ல கடையோட இன்னொரு காப்பி, ஸ்டேஜிங்னு சொல்றது, அதுல பண்ணிப் பாருங்க. பல ஹோஸ்டிங்ல ஒரே பட்டன். காப்பில ஈமெயில் போறத நிறுத்துங்க, பேமெண்ட்ட சாண்ட்பாக்ஸ்ல (நிஜப் பணம் போகாத சோதனை முறை) போடுங்க, இல்லன்னா நிஜ வாடிக்கையாளருக்கு மெயில் போயி "நான் எப்ப ஆர்டர் பண்ணேன்"னு அக்காவுக்கு போன் வரும். சேஞ்ச்லாக்க (அப்டேட்ல என்ன மாறுச்சுங்கிற பட்டியல) படிங்க, ஒரு தடவைக்கு ஒரு ப்ளக்இன். எல்லாத்தையும் டிக் பண்ணி மொத்தமா அமுக்குனா எது உடைச்சுதுன்னு தெரியாது.

அப்புறம் ஒரு ஆர்டர முழுசா போட்டுப் பாக்கணும். நான் பாக்குறது: சபா அட்ரஸ்ல பதினெட்டு வருதா, 31100ல ஃப்ரீயா, டெலிவரி நாள் பேக்கிங் லிஸ்ட்ல விழுதா, எஃப்பிஎக்ஸ்ல கட்டிட்டு திரும்பி வந்தா ஆர்டர் 'ப்ராசசிங்'னு மாறுதா, ஈமெயில்ல அந்த பதினஞ்சு நாள் வரி இருக்கா. முக்கியமா போன்ல பாருங்க, நம்ம ஆளுங்க எல்லாம் போன்லதான் வாங்குறாங்க.

நிஜக் கடைல பண்றப்ப ஃபைலுக்கும் டேட்டாபேஸுக்கும் ரெண்டுக்கும் பேக்கப் எடுங்க. பெரிய அப்டேட் டேட்டாபேஸையும் மாத்தும், அதனால பழைய ஃபைல மட்டும் திருப்பிப் போட்டா ஒத்து வராம போகலாம். டேட்டாபேஸ பின்னாடி கொண்டு போனா நடுவுல வந்த ஆர்டர் எல்லாம் காணாம போகும், பணம் மட்டும் வந்திருக்கும். அதனால அந்த பத்து இருவது நிமிஷம் மெயின்டனன்ஸ் பக்கத்த போட்டு கடைய மூடி வைங்க.

சைல்டு தீமையும் குட்டி ப்ளக்இனையும் கிட்ல (Git, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிஞ்சு வைக்கிற கருவி) வைங்க, வூகாமர்ஸ வைக்க வேண்டியதில்ல. அதோட ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி: என்ன, எதுக்கு, யார் கேட்டா, எந்த ஹூக். போன அப்டேட்டுக்கு முன்னாடி அந்த லிஸ்ட்ட அடுப்படில நின்னு அக்காகிட்ட படிச்சுக் காட்டுனேன், மொத்தம் பதினொன்னு. "கிஃப்ட் ராப்பா? அத ஒருத்தரும் கேக்கலடா, தூக்கு. அந்த கூப்பன் கணக்கு வேற எதுக்கு, எனக்கே புரியல"ன்னு மாவு கையோட சொல்லிக்கிட்டே போனாங்க. நாலு போச்சு, இப்ப ஏழுதான் இருக்கு.